பழைய பொக்லைனில் ‘கம்யூனிகேஷன் எரர்’: கன்ட்ரோலரில் கை வைக்கும் முன்னால்

செகண்ட் ஹேண்டில் பொக்லைன் எடுத்தவர்கள் எனக்குப் போன் செய்தால், பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்: “கன்ட்ரோலர் போயிருச்சுன்னு சொல்லிட்டாங்க, பழசு ஒண்ணு கிடைக்குமா?” மானிட்டரில் கம்யூனிகேஷன் எரர் காட்டியிருக்கும். இன்ஜின் ரேஸ் ஏறாது, பூம் அமுங்கி வேலை செய்யும், சில நேரம் வண்டி பாதி வேலையில் அணைந்துவிடும். கன்ட்ரோலர் விலை பல வண்டிகளில் லட்சத்தைத் தாண்டும். கடன் போட்டு வண்டி எடுத்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறவருக்கு அது சாதாரணத் தொகை இல்லை.

சேலம், நாமக்கல், கரூர் பக்கம் இந்த வண்டிகளின் வயரிங் வேலையிலேயே இருப்பவன் என்பதால் சொல்கிறேன். அந்த எரர் எந்தக் கன்ட்ரோலர் பெட்டியும் கெட்டுப்போனதாகச் சொல்லவில்லை. ஒரு பெட்டி பேசுவது இன்னொன்றுக்குக் கேட்கவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. ஏன் கேட்கவில்லை என்பதை நாம்தான் தேட வேண்டும். அதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. நல்ல மல்டிமீட்டர், ஒரு 24 வோல்ட் பல்பு, கேபின் தரையைக் கழற்றுகிற பொறுமை, இவை இருந்தால் போதும்.

முதலில் விஷயம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். இப்போதைய பொக்லைனில் குறைந்தது மூன்று நான்கு பெட்டிகள் உண்டு. இன்ஜினுக்கு இசிஎம், பம்பையும் வால்வுகளையும் பார்த்துக்கொள்ள மெஷின் கன்ட்ரோலர், ஆபரேட்டர் முன்னால் மானிட்டர், அப்புறம் வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று வெளியே தகவல் அனுப்பும் டெலிமேட்டிக்ஸ் பெட்டி. இவை பேசிக்கொள்வது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே வயர்களில். அதைத்தான் கேன் லைன் என்கிறோம். 1986-ல் பாஷ் நிறுவனம் கார்களுக்காக அறிமுகப்படுத்திய முறை இது. கனரக வண்டிகளில் ஜே1939 என்ற விதிப்படி, பெரும்பாலும் வினாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் ஓடுகிறது. இந்த வகை வண்டியில் ஆக்சிலேட்டர் டயலிலிருந்து இன்ஜினுக்குக் கேபிள் எதுவும் போகாது. டயலைத் திருப்பினால் மெஷின் கன்ட்ரோலர் “இவ்வளவு ஆர்.பி.எம். வேண்டும்” என்று லைனில் கேட்கும், இசிஎம் கொடுக்கும். கேட்கிற குரல் வராவிட்டால் இசிஎம் தனக்குச் சொல்லிவைத்த ஒரு பாதுகாப்பான ஆர்.பி.எம்.மில் இன்ஜினை வைத்துவிட்டுச் சும்மா இருக்கும். ரேஸ் ஏறவில்லை என்றதும் டீசல் பில்டரை மாற்றி, பம்பைக் கழற்றி, கடைசியில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற கதை இங்கேதான் தொடங்குகிறது.

அந்த இரண்டு வயரில் ஒன்று கேன் ஹை, இன்னொன்று கேன் லோ. யாரும் பேசாதபோது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட் நிற்கும். பேசும்போது ஹை 3.5 வரை ஏறும், லோ 1.5 வரை இறங்கும். லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்க வேண்டும். முனைக்குப் போன சிக்னல் திரும்பி வந்து அடுத்த சிக்னலோடு மோதாமல் இருக்கத்தான் அது. இரண்டு 120 ஓம் இணையாக நின்றால் மீட்டரில் 60 ஓம் வரும். இந்த 60 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வண்டிகளைப் படித்துவிடலாம்.

ஆனால் நான் ஓம் பார்ப்பதிலிருந்து தொடங்குவதில்லை. வண்டிக்குப் போனதும் முதல் வேலை, மானிட்டரில் இருக்கிற எரர் கோடுகளை, அதாவது கோளாறைக் குறிக்கும் எண்களை எல்லாம் போனில் படம் எடுத்துக்கொள்வது. அழிக்காமல் எடுக்க வேண்டும். எனக்கு முன்னால் வந்தவர் கோடை அழித்துவிட்டுப் போயிருந்தால் எனக்கு வரும் வருத்தம் சாதாரணமானதல்ல. பாதி சாட்சியைத் துடைத்துவிட்டார் என்றுதான் அர்த்தம். எந்தக் கோடு இப்போது உயிரோடு இருக்கிறது, எது பழைய பதிவு, எது எத்தனை தடவை வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை வைத்து யார் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுவேன். மானிட்டரும் மெஷின் கன்ட்ரோலரும் சேர்ந்து “இசிஎம் பேசவில்லை” என்றால், லைன் பொதுவாக நன்றாகத்தான் இருக்கிறது. இசிஎம்முக்குக் கரண்ட் வருகிறதா, அதன் எர்த் சரியா, அதற்குப் போகும் கிளை வயர் முழுசா இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். எல்லோரும் எல்லோரைப் பற்றியும் புகார் சொன்னால் பொது லைனிலேயே கோளாறு. இந்த ஒரு தாள் எனக்கு மிச்சப்படுத்திய நேரத்துக்கு அளவே இல்லை.

அடுத்தது பேட்டரி. இதைச் சொன்னால் ஓனர்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும், “பேட்டரி போன மாசம்தான் போட்டேன்” என்பார்கள். புது பேட்டரியாக இருந்தாலும் டெர்மினல் லூசாக இருக்கலாம், கட்-ஆஃப் சுவிட்சுக்குள் தகடு கருகியிருக்கலாம். ஸ்டார்ட் அடிக்கும்போது மீட்டரைப் பேட்டரியில் வைக்காமல் கன்ட்ரோலரில் வயர்கள் வந்து மாட்டும் கப்ளரில் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 22 வோல்ட் நின்று, கப்ளரில் 17-க்கு இறங்கினால், நடுவில் எங்கோ கரண்ட் மாட்டுகிறது. பெட்டி ஒரு நொடி அணைந்து எழும், மற்றவை அதைக் காணவில்லை என்று எரர் பதியும். இன்ஜின் ஓடும்போது 27-லிருந்து 28.5 வோல்ட் சார்ஜ் இருக்க வேண்டும்.

இதெல்லாம் சரி என்றால்தான் ஓம். சாவியை அணைத்து, சில நிமிடம் காத்திருந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். சாவியை அணைத்த பிறகும் சில பெட்டிகள் கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டிருக்கும். கரண்ட் இருக்கும் லைனில் ஓம் பார்த்தால் மீட்டர் பொய் சொல்லும். ஜே1939 வண்டிகளில் வட்டமான ஒன்பது பின் டயக்னாஸ்டிக் சாக்கெட் இருந்தால் அதில் சி, டி என்ற பின்கள் கேன் ஹையும் லோவும். பெரும்பாலும் மஞ்சள் வயர் ஹை, பச்சை வயர் லோ; ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், வயரிங் படம் பார்க்காமல் நிறத்தை நம்ப வேண்டாம். சில வண்டிகளில் கேன் லைன் இரண்டு தனித்தனியாக ஓடும், அப்போது இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். 55-க்கும் 65-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. 120 என்றால் ஒரு முனை ரெசிஸ்டர் காணோம், அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டர் உள்ள பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இதற்கு ஒரு வண்டியைச் சொல்கிறேன். க.பரமத்தி பக்கம் ஒரு கல்குவாரியில் 20 டன் வகுப்புப் பொக்லைன். வாங்கியதிலிருந்தே வாரத்துக்குச் சில தடவை எரர் வரும், சாவியை அணைத்துப் போட்டால் போய்விடும். மெஷின் கன்ட்ரோலரை மாற்றச் சொல்லி எழுதிக்கூடக் கொடுத்திருந்தார்கள். ஓனர் நல்ல மனிதர், “தம்பி, மாத்தறதுக்கு முன்னால நீங்க ஒருக்கா பார்த்துருங்க” என்றார். கரண்ட், எர்த் எல்லாம் சுத்தம். ஓம் வைத்தால் 120. லைனை ஒவ்வொரு பக்கமாகப் பிடித்துப் போனேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தகட்டைக் கழற்றினால், அங்கே இருந்த டெலிமேட்டிக்ஸ் பெட்டியை யாரோ எடுத்துவிட்டு வயர்களை டேப் சுற்றி விட்டிருந்தார்கள். பழைய வண்டிகளில் இது அடிக்கடி பார்ப்பதுதான். பெட்டி இல்லாமல் போனது இங்கே பிரச்சினை இல்லை. அதன் பக்கத்தில், வயர் எதுவும் வெளியே போகாத ஒரு மொட்டைக் கப்ளர் ஹார்னஸில், அதாவது வயர்க் கட்டில், மாட்டியிருக்க வேண்டும். உள்ளே ரெசிஸ்டர் மட்டும் இருக்கும், பார்ப்பதற்குத் தூசி போகாமல் இருக்க மாட்டிய மூடி மாதிரித் தெரியும். அதையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள். அதுதான் லைனின் ஒரு முனை.

ஒரு ரெசிஸ்டர் இல்லாமலும் சின்ன லைன் பல நேரம் ஓடிவிடும், அதனால்தான் இந்தக் கோளாறு இவ்வளவு நாள் ஏமாற்றியது. குவாரியில் பாறை உடைக்கும் பிரேக்கர் அடிக்கும்போது வரும் அதிர்வு, கப்ளர்களின் தேய்மானம், ஈரம், இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால்தான் சிக்னல் கலைகிறது. புது ரெசிஸ்டர் கப்ளர் மாட்டியதும் 60 ஓம். செலவு, ஒரு பேட்டரி டெர்மினல் வாங்குகிற காசு அளவுதான்.

இன்னொன்று சிவகங்கைப் பக்கம், கண்மாய் தூர்வாரும் வேலையில் நின்ற வண்டி. ஆபரேட்டர் பையன் சொன்னது: “அண்ணே, காலைல ஒண்ணும் இல்ல. வெயில் ஏறினா வந்துடுது. சாயங்காலம் சரியாயிடும்.” வெயில் என்றதும் எல்லோரும் கன்ட்ரோலர் சூடாகிறது என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஈரத்துணி போட்டுப் பார்த்திருக்கிறார்கள், பேன் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நான் போனபோது ஓம் 60, கேன் ஹை 2.7, லோ 2.3, எல்லாம் கண்ணுக்கு அழகாக இருந்தது. அப்போது அந்தப் பையனிடம் வெயில் ஏறினால் நீ என்னென்ன செய்வாய் என்று கேட்டேன். “ஏசி போடுவேண்ணே” என்றான்.

மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்தேன். சிவப்பு முனையை கேபினுக்குள் எர்த் வயர்கள் எல்லாம் சேரும் போல்ட்டில் வைத்தேன். இரண்டும் எர்த்தான், வித்தியாசம் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஏசி இல்லாமல் அப்படித்தான் இருந்தது. ப்ளோயரை முழு வேகத்தில் போட்டு இன்ஜினை ரேஸ் செய்ததும் ஒன்று, இரண்டு என்று ஏறி மூன்று வோல்ட்டைத் தாண்டிக் குதித்தது. பொக்லைன் கேபின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேஸுக்கும் நடுவில் கரண்ட் திரும்பிப் போக எர்த் பட்டை ஒன்று வேண்டும். கேபினுக்கு அடியில் அந்தப் பட்டை துருவேறி, சில இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. கேன் லைன் ஓரிரு வோல்ட் எர்த் வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் கேபினில் இருக்கும் பெட்டி பேசுவது இன்ஜின் பக்கத்துப் பெட்டிக்குப் புரியாது. பட்டையை மாற்றி, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்து முடுக்கினோம். அன்று உச்சி வெயிலில் ஏசி, லைட், வைப்பர் எல்லாம் போட்டு வேலை வாங்கினோம், வரவில்லை. அந்தப் பையனை “வண்டியைக் கண்டபடி ஓட்டுகிறாய்” என்று அதுவரை எல்லோரும் திட்டியிருந்தார்கள். ஆபரேட்டர் சொல்கிற நேரமும் சூழலும் எந்தக் கருவியும் தராத தகவல். எப்போது வருகிறது, எந்தப் பக்கம் சுற்றும்போது வருகிறது, அப்போது எந்த சுவிட்ச் போட்டிருந்தது என்று அவரை உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

அந்த வண்டியில் இன்னொரு விஷயமும் உண்டு. எர்த் பட்டையை யாரோ முன்பே சோதித்திருந்தார்கள். மீட்டரில் பீப் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். வயர் பாரம் தாங்குமா என்று அது சொல்லாது. அதற்குத்தான் 24 வோல்ட், 21 வாட் பல்பு. சந்தேகமான பவர் வயரின் வழியாக அந்தப் பல்பை எரிய வைத்தால் முக்கால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பல்பு மங்கினால் வயர் உள்ளே செத்திருக்கிறது. ஆனால் கேன் வயரில் பெட்டிகள் மாட்டியிருக்கும்போது பல்பு வைக்கவே கூடாது, பெட்டியின் உள்ளே இருக்கும் சின்ன ஐசி போய்விடும். கேன் வயரை அப்படிச் சோதிக்க வேண்டுமென்றால் இரண்டு முனையும் எல்லாக் கிளையும் கழற்றியிருக்க வேண்டும். அதேபோல மீட்டரின் தடித்த முனையைக் கப்ளரின் பெண் பின்னுக்குள் குத்தாதீர்கள். பின் அகன்றுவிடும், பழுது பார்க்கப் போய் நாமே புதுப் பழுதை வைத்துவிட்டு வருவோம். பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையால் தொட வேண்டும்.

ஹார்னஸ் எங்கே அறுபடும் என்பது பழக்கத்தில் தெரிந்துவிடும். கேபின் தரையிலிருந்து சேஸுக்கு வயர் இறங்கும் இடம் முதலில். கேபின் ஆட ஆட அங்கே ஹார்னஸ் தகட்டில் உரசும். அடுத்தது டர்போ, சைலன்சர் பக்கம் போகும் வயர். அப்புறம் எலி. மழைக்காலத்தில் வேலையில்லாமல் நின்ற வண்டியில் எலி கடிக்காத ஹார்னஸைப் பார்ப்பது அரிது. இடைவிட்டு வரும் கோளாறுக்கு, மல்டிமீட்டரில் மின்-மேக்ஸ் (குறைந்த அளவையும் கூடிய அளவையும் பிடித்துவைக்கும்) வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு, ஒருவர் ஹார்னஸைப் பிடித்து ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ அங்கே பிரிக்கலாம். முழு ஹார்னஸையும் பிரித்துப்போடுவது கடைசி வழி.

கன்ட்ரோலர் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. பக்கெட் பல்லுக்கோ பூமுக்கோ வெல்டிங் அடிக்கும்போது பேட்டரியைக் கழற்றாமல், எர்த் கிளாம்பை எங்கோ தூரத்தில் கவ்வவிட்டு அடித்தால், அந்தக் கரண்ட் கிடைத்த வழியில் எல்லாம் திரும்பிப் போகும். அப்படி ஒரு வண்டியில் சாவி போட்டதும் லைனே செத்துக் கிடந்தது, ஹையிலும் லோவிலும் பூஜ்யம். ஓம் பார்த்தால் நாலைந்துதான். மீட்டரை லைனிலேயே வைத்துக்கொண்டு பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மானிட்டரைக் கழற்றினேன், மாற்றமில்லை. டெலிமேட்டிக்ஸ், மாற்றமில்லை. மெஷின் கன்ட்ரோலரைக் கழற்றியதும் எண் சட்டென்று ஏறியது. கழற்றிய பெட்டியின் கேன் பின்களுக்கு நடுவில் தனியாக அளந்தால் அங்கேயும் அதே நாலைந்து ஓம். இதுதான் நிரூபணம். பெட்டியைக் கழற்றினால் லைன் உயிர் பெற வேண்டும், மாட்டினால் சாக வேண்டும். அல்லது கரண்ட், எர்த், லைன் மூன்றும் அதன் கப்ளர் வரை சரியாக வந்தும் அது மட்டும் பேசாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைக் கண்ணால் பார்க்காமல் கன்ட்ரோலருக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய மார்க்கெட்டில் வாங்குவதாக இருந்தால் பார்ட் நம்பர் மட்டும் போதாது. பல பெட்டிகளில் வண்டி மாடலுக்கும் சீரியலுக்கும் ஏற்றபடி சாப்ட்வேர் ஏற்றியிருப்பார்கள். அது பொருந்தாவிட்டால் இருந்த ஒரு எரர் பத்து எரராகும்.

வயரை ஒட்டுவது பற்றியும் கொஞ்சம். முறுக்கிய வயரை வெட்டி ஒட்டினால் திரும்ப முறுக்க வேண்டும். முறுக்கு இல்லாத நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சுற்றியிருக்கும் இரைச்சல் இரண்டு வயரிலும் ஒரே மாதிரி விழுந்தால்தான் பெட்டி அதைக் கழித்துப் பார்க்கும். இரண்டு ஒட்டையும் ஒரே இடத்தில் வைக்காமல் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். கிரிம்ப் அடித்து (உலோகக் குழலில் வயரை நசுக்கிப் பிடித்து), பசை உள்ள ஹீட் ஷ்ரிங் (சூட்டில் சுருங்கும் உறை) போடுவதுதான் என் வழக்கம். வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்குத் தாங்காது. அதிர்வு உள்ள இடத்தில் ஈயம் வைத்தால் ஈயம் முடிகிற இடத்தில் இழை ஒடியும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், பெயின்ட்டையும் செயின் தேய்மானத்தையும் பார்க்கிற அதே கவனத்தோடு சீட்டுக்குப் பின்னாலும் பியூஸ் பாக்ஸிலும் பாருங்கள். பியூஸ் இடத்தில் கம்பி சுற்றியிருந்தால், ஹார்னஸில் ஒரு பக்கம் மட்டும் புது டேப் இருந்தால், பின்னால் மாட்டிய ஜிபிஎஸ் பெட்டி எதன் வயரையாவது கிள்ளி எடுத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். சாவி போட்டதும் மானிட்டரில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் எரரை மறைத்திருக்கலாம். வண்டி ஆறியிருக்கும்போது முதல் ஸ்டார்ட் உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி 60 ஓம் பார்க்க அனுமதி கேளுங்கள், சரியான விற்பனையாளர் மறுக்க மாட்டார்.

“சின்ன எரர்தாங்க, ரீசெட் பண்ணினா போயிடும்” என்று சொன்னால், சரி, அவர் முன்னாலேயே கோடுகளைப் படம் எடுத்துக்கொண்டு அழித்துவிடுங்கள். ஹைட்ராலிக் ஆயில் நன்றாகச் சூடாகும் வரை மண் வெட்டிச் சுற்றிப் போட வையுங்கள். ஏசி, எல்லா லைட்டும் போட்டிருக்கட்டும். டிராவலிலும் கொஞ்ச தூரம் மேடு பள்ளத்தில் ஓட்டச் சொல்லுங்கள். அணைத்து, திரும்ப ஸ்டார்ட் செய்து, கோடு பக்கத்தைத் திறங்கள். திரும்பி வந்த கோடு எதுவோ, அதைச் சரிசெய்யும் செலவைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசத் தொடங்கலாம்.